அர்த்தநாரி என்று எழுதிய செடி

முப்பது வருஷம் ஒரு பூச்சியை எப்படிக் கொல்வது என்று ஆராய்ச்சி செய்தேன். அடுத்த எட்டு வருஷம் அதே பூச்சியைக் கண்ணுக்குக் கண்ணாக வளர்த்தேன். இரண்டு வேலையிலும் பூச்சி என்னை மதித்ததாகத் தெரியவில்லை.

ஆர்க்கிட் இலையைத் தின்று பிழைக்கிற பூச்சி அது. அரிசி மணி அளவுதான் இருக்கும். சிவப்பு உடம்பு, மேலே கருநீலச் சிறகு. பார்க்க லட்சணமாகவே இருக்கும். தேயிலைத் தோட்டங்களைப் பாழாக்குகிற தேயிலைக் கொசுவுக்குப் பங்காளி. எப்போதோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு ஒட்டிக்கொண்டு ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்தது. புத்தகத்தில் நாவாய்ப்பூச்சி என்று போட்டிருக்கும். எங்கள் மருத்துவ மையத்துக் கண்ணாடி வீட்டில் செடி வளர்க்கிற பெண்கள் அதற்கு வைத்த பெயர் சிவப்பி. அது உட்கார்ந்து எழுந்த இலையில் வெள்ளைப் புள்ளி விழும். புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து, தேமல் பிடித்த தோல் மாதிரி இலை முழுக்க வெளுத்துப்போகும். அப்புறம் செடி சாகும்.

அந்தச் சாவிலிருந்து மருந்து எடுக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் நாங்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கண்ணாடி வீட்டில் என் வலது கை இருசாயி. வயது நாற்பது இருக்கும். பதினாறு வயதிலிருந்து ஏற்காட்டுப் பூப்பண்ணைகளில் வேலை பார்த்தவள். அங்கே அவள் வேலை, சிவப்பியைக் கண்ட இடத்தில் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பேனைக் குத்துகிற மாதிரி குத்துவது. இங்கே அதே பூச்சியை வளர்க்க வேண்டும் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். முதல் மாதம் பழக்கதோஷத்தில் தினம் நாலைந்தைக் குத்திவிட்டு, "தன்னால கை போயிருச்சுங்க சார்" என்பாள். நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் எந்த நரம்போரம் முட்டை இருக்கும், மழைக்கு முன்னால் குஞ்சுகள் எங்கே ஒளியும் என்பதையெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கிய நான் அவளிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன்.

அவள் வீட்டுக்காரர் பெயர் அர்த்தநாரி. சங்ககிரிப் பக்கம் கல் அரைக்கும் கிரஷரில் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவர். கிரஷர்களை எல்லாம் இழுத்து மூடிப் பத்து வருஷம் ஆகிறது. தூசி மட்டும் அந்த மனிதர்களின் நெஞ்சை விட்டுப் போகவில்லை. நுரையீரல் தழும்பாகிக் கெட்டிப்பட்டு, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூன்று முறை நிற்க வேண்டும். எங்கள் மையத்துக்கு வருகிற நோயாளிகள் எல்லோரும் இந்த வகைதான். அர்த்தநாரி எங்கள் பட்டியலில் ஏறியபோது, இருசாயிக்கும் அவருக்கும் நானே உட்கார்ந்து விளக்கினேன். தலைமை மருத்துவர் நசீமாவும் கூட இருந்தார்.

"சிவப்பிக்குப் பல் கிடையாது. ஊசி மாதிரி வாய். குத்தி எச்சிலை உள்ளே விடும். எச்சில் பட்ட இடம் கரைஞ்சு கூழாகும். அதை உறிஞ்சிக்கும்" என்றேன்.

"அது தெரியுமுங்க சார். இருவது வருசமா பாக்கறனே" என்றாள் இருசாயி.

"தெரியாதது ஒண்ணு இருக்கு. எந்தச் செடியிலே உட்காருதோ அதுக்குத் தகுந்த மாதிரி எச்சிலை மாத்திக்கும். உடனே வராது. பிள்ளை, பேரன் காலத்திலேதான் சரியா அமையும். இவர் நுரையீரல் தழும்பிலே ஒரு துளி எடுத்துச் செடியோட குருத்திலே சேர்ப்போம். செடி வளர வளர அந்தத் தழும்பும் இலைக்குள்ளே வளரும். பூச்சி அதையே தின்னு தின்னு, அந்தத் தழும்பைக் கரைக்கிற எச்சிலை உண்டாக்கும். நல்ல சதையைத் தொடாது. அதைச் சுத்தம் பண்ணி ஆவியா இழுக்கக் கொடுப்போம்."

"இன்னொருத்தர் செடியில வந்த மருந்து இவருக்கு ஆவுமுங்களா?"

"ஆகாது. அவங்கவங்க செடி, அவங்கவங்க மருந்து."

இருசாயி இன்னொன்றும் கேட்டாள். "செடி பொழைக்குமுங்களா சார்?"

நசீமா பதில் சொன்னார். "பிழைக்காதும்மா. மூணு தலைமுறைப் பூச்சி தின்னு முடிக்கிறப்போ செடி செத்துடும். செத்தாத்தான் மருந்து முழு அளவு கிடைச்சதா அர்த்தம்."

அர்த்தநாரி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக வாயைத் திறந்தார். "அப்போ அந்தச் செடி... நான்தானுங்களா?"

"ஒரு வகையிலே ஆமாம்" என்றேன். அழகாகப் பேசிவிட்டதாக நினைப்பு எனக்கு.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் நான் செய்யாமல் இருந்திருக்கலாம். தொடக்கத்தில் செடித் தொட்டிகளில் எண்தான் எழுதியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர்கள் சேலத்திலிருந்து பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று "எது சார் எங்க செடி?" என்று கேட்பார்கள். "பதினேழு" என்று சொன்னால் அவர்கள் முகம் விழுந்துவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை. எண்களை எடுத்துவிட்டு வெள்ளைத் தகரத்தில் பெயர் எழுதிக் குத்தினேன்.

"எண்ணே இருக்கட்டும், பிச்சமுத்து" என்றார் நசீமா. "பேர் வச்சா பாசம் வந்துடும்."

"பாசம் வந்தா என்ன தப்பு டாக்டர்?"

"நாம வளர்க்கிறது சாகிறதுக்கு."

நான் கேட்கவில்லை. பெயர் எழுதி, சொந்தக்காரர்களை உள்ளேயும் விட்ட பிறகு கண்ணாடி வீட்டின் சூழலே மாறிப்போனது. வருகிறவர்கள் தொட்டியில் விபூதி வைத்தார்கள், மஞ்சள் கயிறு கட்டினார்கள், செடியோடு பேசினார்கள். வேலை செய்யும் பெண்களும் "அய்யாசாமிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?", "அவருக்கு இன்னிக்கு மொகம் வாடிக் கெடக்குது பாரு" என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அந்தக் குரங்கு அப்போது எனக்குப் பிள்ளையாராகத்தான் தெரிந்தது.

குருத்து நட்டு ஒரு வருஷம் செடிகள் யாரும் நுழைய முடியாத அறையில் வளரும். தை பிறந்ததும் பூச்சி வீடு என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்துப் பெயர்த் தகரம் குத்துவோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் முதல்முறையாகத் தங்கள் செடியைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை பூச்சி விடுவோம். அந்த வருஷம் இருபத்திரண்டு செடி. சனிக்கிழமை மாலை தகரம் குத்தி முடித்ததும் நசீமா என்னைக் கூப்பிட்டார்.

"இருசாயியை மூணு மாசம் லீவிலே அனுப்பிடுங்க. சொந்தக்காரர் செடியை வேலையாள் யாரும் பார்த்துக்கக்கூடாதுங்கிறது நாமளே போட்ட விதி."

"அவ இல்லேன்னா இந்தத் தடவை பூச்சியே தேறாது டாக்டர். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தேன். எப்படி என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

தையும் மாசியும் நல்லபடியாகவே போயின. இருசாயி விடிந்ததும் வருவாள். ஒவ்வொரு செடியாக இலையைத் திருப்பிப் பூச்சிகளை எண்ணி நோட்டில் எழுதுவாள். மதியச் சாப்பாட்டை அர்த்தநாரி என்று எழுதிய செடிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அர்த்தநாரி அடுத்த கட்டடத்து வார்டில் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டில் வையாபுரி. அதே கிரஷரில் பாறைக்குத் துளை போட்டவர். வயதில் அர்த்தநாரியைவிட இளையவர், நோயில் மூத்தவர். சிரிக்கத் தெரிந்த மனிதர். "ஏனுங்க சார், எங்க செடியைத் திங்கற பூச்சிக்கு இருமல் வருமுங்களா?" என்று என்னைக் கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்துவிடும்.

வையாபுரியின் மனைவி பாவாயி விசைத்தறியில் வேலை செய்கிறவள். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். மற்ற பெண்கள் வெளுத்துப்போகிற செடியைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவார்கள். பாவாயி வையாபுரி என்று எழுதிய செடி முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள். அப்புறம் இருசாயியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்து இருவருமாகச் சாப்பிடுவார்கள். இவள் திடமான பெண், விஷயம் புரிந்தவள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில் எச்சில் எடுக்கும் நாள் வந்தது. சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியின் வாயில் மெல்லிய சவ்வு கட்டி, அதன்மேல் ஒவ்வொரு செடியின் பூச்சிகளையும் தனித்தனியாக விடுவோம். இலை என்று நினைத்துக்கொண்டு அவை சவ்வைக் குத்தி எச்சிலை இறக்கும். இருபத்தொரு குப்பியில் அளவு சரியாக இருந்தது. அர்த்தநாரி என்ற தகரம் இருந்த தொட்டியின் குப்பியில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

போய்ப் பார்த்தேன். மற்ற செடிகளெல்லாம் வைக்கோலாகக் கிடந்தன. அது மட்டும் அடியில் சில இலைகள் வெளுத்து, மேலே பச்சையாக நின்றது. ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்துகூட விட்டிருந்தது. எட்டு வருஷத்தில் எங்கள் பூச்சி வீட்டில் எந்தச் செடியும் பூத்ததில்லை. மேல் இலை ஒன்றைத் திருப்பினேன். அடியில் காய்ந்த செம்பழுப்புத் தீற்றல்கள். அடுத்த இலையிலும் அதே. நகத்தில் நசுக்கிவிட்டு இலையிலேயே துடைத்த தடம்.

இருசாயியைக் கூப்பிட்டேன். வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"பழக்கதோஷமா?" என்றேன்.

"இல்லீங்க சார். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

"தினமும் நாப்பது, அம்பதுன்னு நோட்டிலே எழுதினது?"

"பொய்யிங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உன் வீட்டுக்காரர் மருந்தை உன் கையாலேயே நசுக்கியிருக்கே. புரியுதா?"

"புரியுதுங்க. ஆனா நீங்கதான் சார் சொன்னீங்க, அந்தச் செடி அவருதான்னு. பேரு வேற எழுதி வெச்சிருக்கீங்க. தெனம் காத்தால வந்து பாத்தா, அவரு பேரு எழுதுன செடிய பூச்சி மொய்ச்சுத் திங்குது. மாசி பொறந்தப்ப ஒரு நாளு மேல் எலை ஒண்ணு உழுந்துச்சு. அன்னிக்கு அவருக்கு மூச்சு திணறி ஆக்சிசன் வெச்சாங்க. அடுத்த நாளு அஞ்சு பூச்சிய குத்துனேன். சாயங்காலம் அவரு எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாரு. அப்பறம் என்னால நிறுத்த முடியல சார். பாதிப் பூச்சி இருந்தா போதும், பாதி மருந்து வரட்டும், செடியும் சாவ வேணாம்னு நெனச்சேன்." அவள் அழவில்லை. குரல் மட்டும் தேய்ந்து தேய்ந்து போனது.

என் கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. இப்போது பயம்தான் இருந்தது. அது வேறு காரணத்துக்காக. அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

அந்தச் செடி அர்த்தநாரியுடையது அல்ல. சனிக்கிழமை நசீமா எச்சரித்ததும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் வருவதற்கு முன்னால் நானே போய், அர்த்தநாரி என்ற தகரத்தையும் வையாபுரி என்ற தகரத்தையும் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. எந்தச் செடி யாருடையது என்ற உண்மை என் சொந்த நோட்டில் மட்டும் இருந்தது. இருசாயி தன் வீட்டுக்காரர் செடிக்கு மற்ற செடிகளிலிருந்து பூச்சியைத் திருடி விடுவாள் என்று பயந்தேன். அப்படித் திருடினால் வையாபுரிக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகப் போய்ச் சேரும், யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை என்று கணக்குப் போட்டேன். அவளுடைய பேராசைக்குக் காவல் போட்டேன். பாசத்துக்குப் போட எனக்குத் தோன்றவே இல்லை. அவள் நசுக்கிய ஒவ்வொரு பூச்சியும் வையாபுரியின் மூச்சு.

"சரி, நீ போம்மா" என்றேன். 

நசீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வையாபுரியின் சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"மறுபடி செடி வளர்க்க ஒரு வருஷம் ஆகும். வையாபுரிக்கு ஒரு வருஷம் இல்லை" என்றார்.

"இருக்கிற மருந்தைக் கொடுத்தா?"

"ஒரு மூணு மாசம் நல்லா மூச்சு விடுவார். அவ்வளவுதான். இதை யார்கிட்டேயும் சொல்லாதீங்க, பிச்சமுத்து. சொன்னா இருசாயி உயிரோட இருக்க மாட்டா. பாவாயிக்கு ஆள் திரும்பி வரப்போறதில்லை. அர்த்தநாரிக்குப் பிழைச்சதே பாரமாயிடும். சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

அவர் பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், கண்டுபிடிக்க நான் விரும்பவும் இல்லை. மருந்துகளை நோட்டில் உள்ளபடி சரியான ஆட்களுக்குக் கொடுத்தோம். சித்திரையில் அர்த்தநாரி வார்டை விட்டு வீட்டுக்கு நடந்து போனார். வையாபுரியும் ஊருக்குப் போய் மூன்று மாதம் சிரித்துப் பேசினார். ஆடி பிறந்து நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். நான் சாவுக்குப் போனேன். பாவாயி என்னைக் கும்பிட்டு, "உங்களால ஆனதைப் பண்ணீட்டீங்க சார்" என்றாள். நான் மாலையைப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அடுத்த தையில் முப்பது செடி வைத்தோம். இருசாயியைப் பூச்சி வீட்டிலிருந்து தோட்ட வேலைக்கு மாற்றியிருந்தேன். இருந்தும் மாசி பாதியில் பார்த்தபோது ஆறு செடிகளில் பூச்சி பாதிக்குப் பாதி குறைவாக இருந்தது. இலையைத் திருப்பினால் அதே செம்பழுப்புத் தீற்றல். ஆறும் ஞாயிறு தவறாமல் சொந்தக்காரர்கள் வருகிற செடிகள். ஆத்தூரிலிருந்து வருகிற ஒரு பெண், தன் தம்பியின் செடியை விபூதி பூசுவதுபோல் தடவிக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடித்தேன்.

"யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது?"

"இருசாயக்காதானுங்க. அவங்க செடிய காப்பாத்துனாங்களாம். மருந்து கொஞ்சம்தான் வந்துச்சாம். ஆனா அவங்க ஊட்டுக்காரரு குடத்துல தண்ணி தூக்கறாரு. செடி தெம்பா இருந்தா ஆளும் தெம்பா இருப்பாங்கன்னு சொன்னாங்க. அவரையே கூட்டியாந்து காட்டுனாங்களே."

அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. இருசாயி கண்ணால் கண்டதைத்தான் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். நான் மறைத்து வைத்ததுதான் அவளுக்குச் சாட்சியாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறு பேர். நசீமாவிடம் போய், "சொல்லத்தான் போறேன்" என்றேன். இந்த முறை அவர் தடுக்கவில்லை.

இருசாயி வீடு ரோட்டிலிருந்து ஏழெட்டுப் படி இறங்கிப் போக வேண்டும். அர்த்தநாரி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க. காப்பி குடிக்கலாம்" என்று ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு உட்காரவே கூசியது. இருவரையும் உட்காரவைத்து, நோட்டைத் திறந்து காட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தகரத்தை மாற்றியதைச் சொன்னேன். ஏன் மாற்றினேன் என்பதையும் சொன்னேன்.

அர்த்தநாரி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளே அவர் அழுகிற சத்தம் கேட்டது. நுரையீரல் நன்றாக இருக்கிற ஒரு மனிதனின் அழுகை, பலமாகவே கேட்டது.

இருசாயி நோட்டிலிருந்த இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டாள். "அப்போ பாவாயி ஊட்டுக்காரர நான்தான்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். பிறகு, "அவளுக்குத் தெரியுமுங்களா?" என்றாள்.

"தெரியாது."

"நான் சொல்லோணும். நீங்க கூட வாங்க சார். தனியா போனா பாதி வழியிலயே திரும்பீருவேன்."

மறுநாள் மதியம் சங்ககிரிப் பக்கத்து ஊருக்குப் போனோம். தறிக்கூடத்தின் இரைச்சலில் பேச முடியாது என்று பாவாயி எங்களை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்தாள். இருசாயி நின்றபடியே சொன்னாள். ஒரு காரணமும் சொல்லவில்லை, ஒரு சமாதானமும் சொல்லவில்லை. நான் நசுக்கினேன், அது உங்க செடி, எனக்குத் தெரியாது, அவர் போனது என்னால்தான் என்று சொல்லிவிட்டுப் பாவாயியின் காலில் விழப் போனாள்.

பாவாயி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது எங்க செடின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

"அன்னிக்கு மொத பஸ்ஸுல நான் வந்துட்டனுங்க சார். சாரு உள்ள நின்னு ரெண்டு தகரத்தையும் பிடுங்கி மாத்திக் குத்துனத கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன். தப்பாக் குத்துனத சரி பண்றீங்கன்னு மொதல்ல நெனச்சேன். அப்பறம் உங்க மொகத்தப் பாத்தேன். இது வேறன்னு தெரிஞ்சு போச்சு." அவள் இருசாயியைப் பார்த்தாள். "நீ நசுக்கறதையும் ஞாயித்துக்கெழம பாத்தேன். உன் ஊட்டுக்காரருன்னு நெனச்சுட்டு நீ எங்க செடியக் காப்பாத்தறேன்னு புரிஞ்சுது. நான் வாயத் தொறந்தா நீ அங்க இருந்து எந்திரிச்சு உங்க செடிக்குப் போயிருவே. அதனால பேசல. உன்கூட உக்காந்து சோறு தின்னுட்டு, உங்க செடிய பூச்சி திங்கறதப் பாத்துட்டு, ஒண்ணுமே சொல்லாம வந்தேன். எங்க செடி பொழைக்கட்டும், உங்களுது போனாப் போவுதுன்னு இருந்தேன். ஒரு வருசமா உன் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுத்தான் நான் மலைக்கு வரவே இல்ல."

தறிக்கூடத்தில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. என்னைப் பார்த்து, "சார், ஒண்ணு கேக்கறேன். நான் அன்னிக்கே தகரம் மாறியிருக்குதுன்னு இவகிட்ட சொல்லியிருந்தா, இவ எங்க செடியத் தொட்டிருக்க மாட்டா. அவரு இருந்திருப்பாருங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஒரு வருஷமாக நான் கொடுத்துவந்த ஆறுதல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நினைத்துக்கொண்டேன்.

"இருந்திருப்பாரும்மா" என்றேன்.

பாவாயி தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஆறு செடிகளின் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க சார். செடி சாவறதுதான் நல்லதுன்னு நீங்க மொதல்ல இருந்தே சொல்லீட்டுத்தான இருக்கீங்க. நான் வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். ஆறு குடும்பத்துப் பெண்களையும் பூச்சி வீட்டுக்குள் கூப்பிட்டு நிறுத்தினேன். இருசாயி பின்னால் ஒதுங்கி நின்றாள். பாவாயி அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"நானும் இவளும் சேந்து எங்க ஊட்டுக்காரரு செடியக் காப்பாத்துனோம்" என்றாள். "செடி நல்லா இருந்துச்சு. பூவே பூத்துச்சு. அவருதான் இல்ல."

ஆத்தூர்ப் பெண் தம்பியின் செடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.  பாவாயி இரண்டு பேரைத்தான் சொன்னாள். மூன்றாவது ஆளையும் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அதை நானே முன்னால் வந்து, என் பெயரைச் சொல்லி, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.